தோட்டம் அம்மாவுடையதல்ல

அம்மாவின் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கு முதலில் ஒரு திருத்தம். அம்மா "பளைத் தென்னந்தோட்ட உரிமையாளர் குடும்பத்தில் பிறந்தவர்" என்று மரண அறிவித்தலில் வந்தது பிழை. அம்மா அந்தத் தோட்டத்தில் பிறந்தார், அவ்வளவுதான். அதை எழுதிக் கொடுத்தவர் என் அண்ணை. திருத்தப் போகிறேன் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேசாமல் விடு. பிள்ளையளுக்குக் கலியாணம் பேசேக்க சனம் என்ன கதைக்கும்?"

"அம்மா ஒருநாளும் ஒளிச்சவவோ, அண்ணை?"

 எனக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

அம்மாவின் வீட்டார் தோட்டச் சொந்தக்காரரின் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்கள். சம்பளம் கிடையாது, குடிசைக்கும் அரிசிக்கும் வேலை. கேட்காமல் வேலிக்கு வெளியே போகவும் முடியாது, கலியாணம் பேசவும் முடியாது. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் அம்மா பெரிய வீட்டு முற்றம் கூட்டினார். அங்கே ஒருநாளும் கதிரையில் உட்கார்ந்ததில்லை. அடிமை என்று யாரும் சொல்லவில்லை, "எங்கட ஆக்கள்" என்றார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போர் நெருங்கியதும் தோட்டச் சொந்தக்காரர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போனார். போகும்போது அம்மாவின் தகப்பனாரிடம், "நான் வருமட்டும் ஒருத்தரும் அசையக்கூடாது. தேங்காய் களவு போனால் நீதான் பொறுப்பு" என்றார். ஷெல் விழுந்தது. தகப்பனார் அசையவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பு, அந்த ஆள் வந்தாலும் இனி நாங்கள் இஞ்சை இருக்கமாட்டம். எழும்புங்கோ."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வேலியைக் கடந்தார். எங்கள் குடும்பத்தின் விடுதலை அன்றைக்குத்தான், அதுவும் ஷெல்லடிக்கு நடுவில்.

பிறகு இந்தியா, ஜெர்மனி, கடைசியில் லண்டன், செவன் கிங்ஸ். இங்கேயும் அம்மா ஓரிடத்தில் இருந்தறியார். யார் வீட்டுக்குப் போனாலும் நேரே குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவுவார். "என்ன சுறுசுறுப்பு" என்று நீங்கள் புகழ்வீர்கள். எனக்கோ அந்தரமாக இருக்கும்.

விம்பிள்டனில் பெரியபிள்ளையான ஒரு சிறுமியின் சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே தோட்டச் சொந்தக்காரரின் மகளும் வந்திருந்தார். அம்மாவைக் கண்டதும் எல்லாருக்கும் கேட்க, "இது எங்கட தோட்டத்துப் பெட்டை. வா, இந்தச் சாப்பிட்ட கோப்பையளை எடு" என்றார். அம்மாவின் கை கோப்பைக்குப் போய்விட்டது.  அம்மா கோப்பையைத் திரும்ப வைத்தார். பக்கத்துக் கதிரையை இழுத்து அதில் இருந்தார்.

"நான் சாமத்தியவீட்டுக்கு வந்தனான், தங்கச்சி. நீங்களும் இருங்கோ."

அந்த வீட்டுப் பெண்களை நாச்சியார் என்றே கூப்பிட்டு வளர்ந்தவர் அம்மா.  அன்றைய பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் "எழும்பவேணும், நேரம் போகுது" என்று போர்வையை விலக்கியபடியே இருந்தார். அப்படியே போய்விட்டார்.

அம்மாவைப் பராமரித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும் நன்றி. எல்லாச் செலவையும் தானே ஏற்று, அம்மாவின் பெட்டியைத் தோளில் சுமந்து விம்மி அழுத அண்ணைக்கும் நன்றி. அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய பெயரை இங்கே சேர்க்கவில்லை.

இங்ஙனம்,
மகள்