பழுப்புப் புள்ளிகள் யார் பக்கம்

எங்கள் ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெழுகண்ணன் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடமாக மெழுகில் பதித்த சதைத் துண்டுகளைச் சீவிச் சீவி, அவர் சட்டைப் பையில் இருக்கும் பேனாகூட மெழுகு வாசனை அடிக்கும். அவர் சீவிக் கண்ணாடி ஸ்லைடில் ஏற்றித் தருவார். நான் அதற்குச் சாயம் போடுவேன். பெரிய டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதுவார். நோயாளியிடம் சொல்வது சிகிச்சை தரும் டாக்டரின் வேலை. இந்த வரிசையில் யார் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருக்க வேண்டும்.

எலும்பு வந்தால் மெழுகண்ணனுக்குத் தலைகால் புரியாது. எலும்பை அப்படியே சீவ முடியாது, கத்தி வீணாகிவிடும். நாள்கணக்கில் அமிலத்தில் ஊறப்போட்டு, சுண்ணாம்பெல்லாம் கரைந்த பிறகுதான் மெழுகில் பதிக்க வேண்டும். கரைந்துவிட்டதா என்று அவர் ஓர் ஊசியால் குத்திப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு நாள்" என்பார். குத்தினால் திசு கெட்டுப்போகும் என்று டாக்டரம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். இதில் எனக்குக் கடுப்பு என்னவென்றால், அவர் சொன்ன கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. தப்பியிருந்தால் கொஞ்சம் அடக்கமாவது வந்திருக்கும்.

போன வருடம் அவருடைய தங்கைக்கு முழங்காலுக்கு மேலே வலி வந்தது. அவள் தையல்காரி. காலால் மிதித்து ஓட்டும் மெஷின். மிதித்து மிதித்து வந்த வலி என்று ஆறு மாதம் தைலம் தேய்த்திருக்கிறாள். படம் எடுத்துப் பார்த்தபோது எலும்பில் கட்டி. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது எங்கள் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

"இதை நான் பார்த்துக்கறேண்ணே, நீங்க விடுங்க" என்றேன்.

"என் தங்கச்சி எலும்பு. வேற யார் கையும் படக் கூடாது" என்றார்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவரே ஊறப்போட்டார், அவரே குத்தினார், அவரே சீவினார். சீவும்போது வரும் மெழுகு நாடா அன்று எங்காவது கிழிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். கிழியவில்லை. அதைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது.

எலும்புப் புற்றுநோய் என்று முடிவானது. தான் நடத்தும் ஓர் ஆய்வுக்காக, தங்கையிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, டாக்டரம்மா இன்னொரு சாயமும் கேட்டார். உடம்பின் எதிர்ப்பு செல்களில் மேக்ரோஃபேஜ் என்று ஒரு வகை உண்டு. வேண்டாததை விழுங்குவது அதன் வேலை. அது மட்டும் பழுப்பாகத் தெரியும்படி போடுகிற சாயம். போட்டேன். ஸ்லைடு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள்.

"அடேயப்பா, எவ்வளவு கூட்டம்!" என்று முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மெழுகண்ணன் வெகுநேரம் குனிந்து பார்த்தார். வேறு சில உறுப்புகளின் கட்டிகளைப் பார்க்கும்போது டாக்டரம்மா, "எதிர்ப்பு செல் நிறைய வந்திருக்கு, நல்ல அறிகுறி" என்று சொல்வதுண்டு. இத்தனை வருடம் அதைக் காதில் வாங்கி வைத்திருந்தவர், அதைக் கொண்டுவந்து இதில் ஒட்டிவிட்டார். நேரே போய் போனை எடுத்தார்.

"பயப்படாதம்மா. உன் உடம்பு சும்மா இல்ல. கட்டிக்குள்ள ஒரு படையே இறங்கி நிக்குது. என் கண்ணால பார்த்தேன்."

நுணலும் தன் வாயால் கெடும். இங்கே கெட்டது வாய் திறந்தவர் அல்ல, கேட்டவள்.

மறுவாரம் சிகிச்சை டாக்டர் அவளிடம் முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்றார். கீமோவில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறையும் என்றும் முறைப்படி எச்சரித்தார். அவள் எழுந்துவிட்டாள். "உள்ள படை நிக்குதுன்னு எங்கண்ணன் பார்த்திருக்காரு. அதைக் கொல்ல நானே மருந்து ஏத்திக்கணுமா?" என்று கேட்டுவிட்டு வந்து, மறுபடி மெஷினில் உட்கார்ந்து ஒற்றைக் காலால் மிதித்தாள். மூன்று வாரம். வீக்கம் ஏறியது. தன் கால்சட்டையின் தையலைத் தானே பிரித்து, ஒரு பக்கத்தை மட்டும் அகலமாகத் தைத்துக்கொண்டாள்.

அதை மெழுகண்ணன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் டாக்டரம்மா முன்னால் போய் நின்றார்.

"அம்மா, அந்தப் பழுப்பு செல்லுங்க நல்லதுதானே?"

"யார் சொன்னா?"

"நீங்கதான். வேற கட்டியைப் பார்க்கறப்ப."

"அது வேற செல், வேற கட்டி. இது விலாங்கு மீன் மாதிரி, பாம்புக்குத் தலையும் காட்டும், மீனுக்கு வாலும் காட்டும். சில சமயம் புத்துநோய் செல்லை விழுங்கும். சில சமயம் கட்டி அதை மயக்கித் தன் வேலைக்கு வச்சுக்கும். கட்டிக்கு ரத்தக்குழாய் வளர உதவும், சண்டை போட வர்ற மத்த செல்லைத் தடுக்கும்."

"வேலியே பயிரை மேயுதா?"

"சில சமயம்."

"அப்ப கெட்டது."

"அப்படியும் சொல்ல முடியாது. இதே எலும்புப் புத்துநோய்ல இந்தச் செல் நிறைய இருந்தவங்க நல்லா இருந்ததா சில ஆய்வு சொல்லுது. சிலது அப்படிச் சொல்லலை. போதாததுக்கு, எலும்பை அரிச்சுத் திங்கிற செல்லும் இதுக்குப் பங்காளி."

"என் தங்கச்சிக்கு எது?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இந்தச் சாயத்துல, இருக்குன்னு மட்டும்தான் தெரியும். யார் பக்கம்னு தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனா மருந்து ஏத்தணும்கிறதுல சந்தேகமே இல்ல."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் மெழுகண்ணன் வெளியே வந்தார். அன்று அவர் சீவிய மெழுகு நாடா மூன்று தடவை கிழிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்திராதது. நானாவது ஆறுதல் சொன்னேனா? இல்லை. "மூணு வாரம் போச்சேண்ணே" என்று கத்தினேன். அவர் மேல் பாதிக் கோபம், என் மேல் மீதி.

சாயங்காலம் இருவரும் தையல் கடைக்குப் போனோம். தனியாக விட்டால் மழுப்பிவிடுவார் என்று நான் கூடவே ஒட்டிக்கொண்டேன்.

"நான் சொன்னது தப்பும்மா" என்றார் வாசலிலேயே.

"படை இல்லியா?"

"இருக்கு. யார் பக்கம்னு தெரியல."

"உங்க பெரிய டாக்டருக்கு?"

"அவங்களுக்கும் தெரியலையாம்."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப இத்தனை பேர் சேர்ந்து என்னத்தைத்தான் பார்த்தீங்க?"

நியாயமான கேள்விதானே? மெழுகண்ணன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மருந்து வேணும்கிறது மட்டும் எல்லாருக்கும் தெரியும்மா. நான் தெரியாததைச் சொல்லி, தெரிஞ்சதைக் கெடுத்துட்டேன்" என்று விம்மினார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மெஷினுக்கு உறையைப் போட்டாள்.

"இந்தத் தெரியாதுங்கிறதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

கீமோ முடிந்து, ஆபரேஷனும் முடிந்து, வெட்டியெடுத்த எலும்பு எங்களிடம் வந்தபோது மெழுகண்ணன் அதைத் தொடவில்லை. ஊசியை என் கையில் திணித்தார். நான் குத்தினேன். மெத்தென்று இருக்கிறதா, கெட்டியா, ஒரு மண்ணும் புரியவில்லை. இந்த மனிதர் இத்தனை வருடம் இதில் எதைத்தான் உணர்ந்தார்? ஊசியை வைத்துவிட்டு, சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சீவினேன்.

முடிவு வந்த அன்று அவர் வெளியே, நோயாளிகள் வரிசையில், தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலிகளை அவர் ஒருநாளும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. உள்ளே டாக்டரம்மா எழுதி முடித்தார். கட்டியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு செத்துவிட்டது. மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது. பழுப்புப் புள்ளிகள் மட்டும் அப்படியே அப்பிக்கிடந்தன. செத்ததை அள்ள வந்தவையா, வேறு எதற்கா என்று கேட்டேன். டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

முடிவை உறையில் போட்டு ஒட்டி நான்தான் வெளியே எடுத்துப் போனேன். "இதை சிகிச்சை டாக்டர்கிட்ட குடுங்க" என்று நீட்டினேன். வாங்கும்போது தங்கை அண்ணனைச் சீண்டினாள்.

"இவங்க முகத்தைப் பார்த்தா என்ன தோணுதுண்ணே? நல்லதா, கெட்டதா?"

மெழுகண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதும்மா."

"தேறிட்ட போ" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஊன்றுகோலை ஊன்றி, அண்ணன் கையைப் பற்றி, அவர்கள் சிகிச்சை டாக்டரின் அறை வரைக்கும் மெதுவாக நடந்து போனார்கள். நீளமான நடை. பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டோமா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.