ஆறு மாதத்தில் வந்த தட்டம்மை

மகளின் கண் சிவந்திருந்ததைப் பார்த்து, குளிப்பாட்டிய பின் காட்டும் சாம்பிராணிப் புகைதான் காரணம் என்று நினைத்தோம். அவளுக்கு அப்போது ஆறு மாதம். அடுத்து காய்ச்சலும் இருமலும் வந்தன. காதின் பின்புறம் தொடங்கிய சிவப்புத் தடிப்புகள் முகம், மார்பு என்று பரவியதும் கிள்ளானில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தட்டம்மை (காற்றில் பரவும் கிருமிக் காய்ச்சல்) என்றார்கள். அதிலிருந்து நிமோனியாவும் (நுரையீரல் அழற்சி) வந்துவிட்டது. மூச்சு இழுக்கும்போது அவள் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. நான் ஏர்கோன் (குளிர்சாதனம்) பழுது பார்ப்பவன். ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன். அந்தச் சின்ன நெஞ்சின் சத்தம் எனக்குப் பிடிபடவே இல்லை.

"எங்கேருந்து ஒட்டிச்சுன்னு தெரியுமா அண்ணே?" என்று மருத்துவர் கேட்டார்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அக்கா மகனுக்குக் காதுகுத்து நடந்தது. தாய்மாமன் என்பதால் அவனை என் மடியில்தான் உட்காரவைத்தார்கள். அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வலியில் அழுதவனைத் தேற்றி இறக்கிவிட்டு என் மகளைத் தூக்கினேன். இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"பையனுக்கு அம்மை போட்டிருக்குடா. யாரும் வீட்டுப் பக்கம் வந்துராதீங்க."

அம்மை கண்ட வீட்டுக்குப் போகக்கூடாது என்ற வழக்கத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். அதில் ஒரு நிம்மதி வேறு.

"தடிப்பு வர்றதுக்கு முன்னாலயே பரவிடும் அண்ணே. அந்தப் பையனுக்கு ஊசி போட்டாச்சா?" என்றார் மருத்துவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு.

போடவில்லை. ஒன்பது மாதத்தில் போட்டிருக்க வேண்டும். அக்கா தடுப்பூசிக்கு எதிரானவள் அல்ல. "ஊசி போட்டா காய்ச்சல் வரும் லா, காதுகுத்து முடியட்டும்" என்று தள்ளிப்போட்டாள். மண்டபம் கிடைக்காமல் காதுகுத்தும் தள்ளிப்போனது.

"எங்க பிள்ளைக்கு ஏன் முன்னாடியே போடல?" என்று கேட்டாள் மனைவி.

"இவளுக்கு வயசு வரல அக்கா" என்று அவளிடம் சொன்னார் மருத்துவர். " அம்மாகிட்டருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சம் இருக்கிறப்ப ஊசி சரியா வேலை செய்யாது. ஊசியில இருக்கிறது வலுவில்லாத கிருமி. அதை வச்சு உடம்பு பழகிக்கும், நிஜக் கிருமி வந்தா அடையாளம் தெரியும். அது வரைக்கும் சுத்தி இருக்கிறவங்க போட்டிருந்தாத்தான் இவளுக்குப் பாதுகாப்பு."

மகள் பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் புறப்படும்போது, "இனி பயமில்லையே டாக்டர்?" என்றேன். அவர் எங்களை மறுபடி உட்காரச் சொன்னார். மிக அரிதாக இந்தக் கிருமி மூளையில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து அதை அழிக்கத் தொடங்குமாம். ஒரு வயதுக்குள் தட்டம்மை கண்டவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். படிப்பு மங்கும், கை திடீரென வெட்டி இழுக்கும், பிடித்த பொருள் நழுவும். குணப்படுத்த மருந்து இல்லை.

கைக்குழந்தையோடு இதைப் படிப்பவர்களே, உங்கள் பிள்ளைக்குப் போடும் ஊசி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். அக்கா மகன் நன்றாக இருக்கிறான். அக்காவோடு பேசுகிறேன், ஆனால் கோபம் போகவில்லை.

மகளுக்கு இப்போது ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள், கெட்டிக்காரி. நேற்று சாப்பிடும்போது தண்ணீர்க் குவளை அவள் கையிலிருந்து விழுந்தது. மனைவி என்னைப் பார்த்தாள்.

"வழுக்கிருச்சுப்பா" என்று சிரித்தாள் மகள்.

தரையைத் துடைத்தேன். குவளையை நிரப்பி அதே கையில் கொடுத்து, நான் சொல்லும்வரை பிடித்திருக்கச் சொன்னேன்.