கவிழ்த்துப் போட்ட ஆக்ஸில்

தெருவில் எங்கள் அத்தானைக் கண்ணாடிக் கடைக்காரர் என்றால்தான் தெரியும். மேடு பள்ளத்தில் ஜீப் ஓட்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அங்கே அவருக்குப் பெயர் 'கயிறு'. ஞாயிற்றுக்கிழமையானால் இந்தக் கூட்டம் நல்ல ரோட்டை விட்டுவிட்டு, வேண்டுமென்றே சேற்றில் வண்டியை இறக்கும். மற்றவர்கள் இறங்கி ஏறிவிடுவார்கள். அத்தான் இறங்குவார், அவ்வளவுதான். பிறகு யாராவது கயிறு கட்டி இழுக்க வேண்டும்.

கூட்டத்தின் தலைவர் பைப் கடை வைத்திருப்பவர். ஒருநாள் கண் டெஸ்டுக்கு எங்கள் கடைக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி, "கயிறு இருக்காரா?" என்றார். கவுண்டரில் ஃப்ரேம் துடைத்துக்கொண்டிருந்த நான் விவரம் தெரியாமல், "கயிறெல்லாம் எதிர்க்கடையில கேளுங்க, இங்க கண்ணாடிதான்" என்று சொல்லித் தொலைத்தேன். கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். உள்ளேயிருந்து வந்த அத்தானின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் அறிவித்தார்: "இனிமே எவனும் என்னைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. முன் ஆக்ஸிலை மாத்தப் போறேன்."

அவர் வண்டியில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். ரோட்டில் அது சொகுசு, பாறையில் அது தொல்லை. இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் கோத்த ஆக்ஸில் போட்டால், ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது மற்றது தரையை விடாமல் பிடித்துக்கொள்ளுமாம். வேறு வண்டியிலிருந்து கழற்றியதைத்தான் தேடி வாங்க வேண்டும்.

இங்கேதான் எங்களுக்குச் சனி பிடித்தது. அத்தானுக்கு எதைத் தேர்ந்தெடுக்கவும் தெரிந்த ஒரே வழி, கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, 'எது தெளிவா இருக்கு?' என்று இழுத்துக் கேட்பதுதான். சாப்பாட்டு மேஜையில் போனை அக்கா முகத்துக்கு நேரே நீட்டி, அதே இழுவைக் குரலில் கேட்பார்.

"இது நல்லா இருக்கா, முன்னாடி பார்த்தது நல்லா இருக்கா?"

"ரெண்டுமே துருப்பிடிச்ச இரும்பாத்தாங்க தெரியுது."

"அவசரமில்ல. நல்லாப் பாத்துச் சொல்லு."

ஒரு லாரி ஆக்ஸில் கிடைத்தது. அது எங்கள் வீட்டுக் கேட்டைவிட அகலம். போட்டால் வண்டி தெருவில்தான் குடித்தனம் நடத்தும். இன்னொன்று ஒல்லி. பெரிய டயர் மாட்டினால் முறிந்துவிடும் என்று மெக்கானிக் கையை விரித்தார். மூன்றாவது கனகச்சிதம். அதையே வாங்கிப் பட்டறையில் வண்டிக்கடியில் வைத்துப் பார்த்தால் வேறொரு வில்லங்கம். எஞ்சின் பக்கமிருந்து சுழன்று வரும் தண்டை வாங்கிக்கொள்கிற பல்சக்கரக் குண்டு அந்த ஆக்ஸிலில் வலது பக்கம் இருந்தது. இவர் வண்டியில் தண்டு வருவதோ இடது பக்கம்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். அத்தான் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, மறுபடி மூக்கில் மாட்டிக் காட்டினார்.

"இப்போ வலது கண்ணாடி இடது பக்கம் வந்துடுச்சு பாத்தீங்களா? கவுத்துப் போடுங்க!"

"அட, ஆமா சார்!" என்று மெக்கானிக் பூரித்துப்போனார். இரண்டு அறிவாளிகளும் சேர்ந்து ஆக்ஸிலைக் கவிழ்த்து, வெட்ட வேண்டியதை வெட்டி, ஒட்ட வேண்டியதை ஒட்டி மாட்டிவிட்டார்கள். ரோட்டில் வண்டி அருமையாக ஓடியது. ரோட்டில் பின் சக்கரம்தானே தள்ளுகிறது, முன் சக்கரம் சும்மா உருண்டால் போதும். அதுவும் சேர்ந்து இழுக்க வேண்டுமானால்தான் ஃபோர் வீல் லீவரைப் போட வேண்டும்.

"ஃபோர் வீல் போட்டுப் பாத்துடலாமா சார்?"

"வேண்டாம். அதை ஞாயித்துக்கிழமை எல்லாரும் பாக்கத்தான் போடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும்கூடப் போனோம். மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, அத்தான் ஃபோர் வீல் லீவரைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். பின் சக்கரங்கள் முன்னால் சுழன்றன. முன் சக்கரங்கள் பின்னால் சுழன்றன. நாலு பக்கமும் மண் பறந்தது, வண்டி நின்ற இடத்திலேயே குளிர் ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது.

"ஏங்க, பின் சக்கரம் மேட்டுக்குப் போகுது, முன் சக்கரம் வீட்டுக்குப் போகுதுங்க!" என்று அக்கா கத்தினாள்.

ஆக்ஸிலைக் கவிழ்த்ததில் அது சுழலும் திசையும் கவிழ்ந்துவிட்டிருந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு அத்தனை பேரையும் அறையலாம் போலிருந்தது. லீவரோ இறுகிக்கொண்டு வெளியே வர மறுத்தது. தலைவர் கயிற்றோடு வந்து, "வாய்யா கயிறு" என்று கட்டி இழுத்தார். வண்டி அசையவில்லை. இன்னொரு வண்டியும் சேர்ந்து இழுத்தது. ம்ஹூம். முன்னும் பின்னும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்போது சக்கரம் எப்படி உருளும்? யாரும் தன்னை இழுக்கக் கூடாது என்று அத்தான் கேட்டது அப்படியே பலித்துவிட்டது.

தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்துவிட்டு, வேறு கோணத்திலிருந்து இழுக்கிறேன் என்று வண்டியை வேகமாகப் பின்னால் எடுத்தவர், கரை சரிந்து பள்ளத்துக்குள் போய்விட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி மட்டும் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கிவிடப் போன வண்டியும் பள்ளத்தை நோக்கி வழுக்கியது. தலைவர் வண்டியின் முன்னால் கம்பி சுற்றி இழுக்கும் மோட்டார் இருந்தது. ஆனால் கம்பியின் மறுமுனையைக் கட்ட அசையாத பொருள் ஒன்று வேண்டும். அக்கம்பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை.

எல்லோரும் மெதுவாகத் திரும்பி அத்தான் வண்டியைப் பார்த்தார்கள்.

கம்பியை மாட்டி மோட்டாரைப் போட்டதும், தலைவர் வண்டி முனகிக்கொண்டே மேலே வந்தது. அத்தான் வண்டி இம்மியும் நகரவில்லை. சேறு சொட்டச் சொட்ட இறங்கிய தலைவர், எங்கள் அத்தானிடம் கையை நீட்டி, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார். அக்கா என் கையைக் கிள்ளினாள். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கியதும் லீவர் விட்டுக்கொடுத்தது, வீடு வந்து சேர்ந்தோம். மறுநாளே மெக்கானிக் போன் செய்து, வேறு நல்ல ஆக்ஸில் இருக்கிறது, தப்பைச் சரிசெய்து தருகிறேன் என்று கெஞ்சினார். தலைவரும் போன் செய்தார். "அடுத்த வாரம் கண்டிப்பா வாங்க சார். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், வந்து நின்னா போதும்."

அத்தான் சாப்பாட்டு மேஜையில் அக்காவுக்கு நேரே உட்கார்ந்தார். அதே இழுவைக் குரல்.

"வேற மாத்திடலாமா, இல்ல இப்படியே இருக்கட்டுமா? அவசரமில்ல, நல்லா யோசிச்சு..."

அக்கா யோசிக்கவே இல்லை.

"இதுதாங்க தெளிவா இருக்கு."