நிழலைக் குறைத்த மகாராஜா

மகாராஜாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஷிப்ட் முழுக்கக் காரைத் தடவுவதுதான் அவன் வேலை. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் சோதிக்கும் பிரிவு. இரண்டு பக்கமும் சுவர் சுவராக டியூப்லைட் எரியும் கூண்டுக்குள் வண்டி நகர்ந்து வரும். தூசி ஒட்டியிருக்கிறதா, பெயின்ட் வழிந்திருக்கிறதா என்று பார்த்து, பழுது இருந்தால் வட்டம் போட வேண்டும். பானெட்டில் விழும் வெளிச்சம் ஒரு நூல் நெளிந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கார்களில் ஒன்றையாவது ஓட்டியிருக்கிறாயா என்று யாராவது கேட்டால், "பொண்ணுக்கு அலங்காரம் பண்ணுதது நான். தாலி கட்டுதது வேற ஆளு" என்பான்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்தவன், வடக்குப்பட்டில் வாடகை வீடு எடுத்துக் குடியிருந்தான். மனைவி கனகலட்சுமிக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி. இவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் தன் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், சுவரிலும் பெயின்ட் பழுதுகள் தெரிய ஆரம்பித்தன. இது சரிப்படாது என்றுதான் கம்ப்யூட்டர் வாங்கினான்.

மண்ணூரில் கடை வைத்திருந்த அன்பு, ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட பெட்டி ஒன்றைச் சரிசெய்து, விளையாட்டின் படம் தடங்கலில்லாமல் ஓட அதற்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டும் பொருத்திக் கொடுத்தான். கூடவே லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றையும் ஏற்றிவிட்டான். கடையில் ஓட்டிக் காட்டியபோது லாரி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போனது. வீட்டில் கொண்டுவந்து மாட்டினால், விக்கல் வந்தவன் நடப்பதுபோல் விட்டு விட்டு நகர்ந்தது.

அன்புவுக்குப் போன் போட்டான்.

"ஒயரெல்லாம் கரீட்டா சொருவினியா?" என்று கேட்டான் அன்பு.

"டிப்ளமோ முடிச்சவன்ட்ட கேக்குத கேள்வியா இது?"

"அப்ப செட்டிங்ஸ்ல போயி நெழலக் கொறச்சிப் பாருபா."

அந்த ஒரு வாக்கியத்தில் மகாராஜா விழுந்தான். நிழலைக் குறைத்தான். லாரிக்கு நிழல் போனது. பேய் வண்டி மாதிரி தரையில் ஒட்டாமல் நின்றது. திரையின் மூலையில் படம் ஓடும் வேகத்தைக் காட்டும் எண் ஒன்றிரண்டு கூடியது. அது போதும் அவனுக்கு. மரங்களைக் குறைத்தான். தெருவில் நடந்த மனிதர்களைக் காலி செய்தான். தூரத்து வீடுகள் நனைந்த அட்டைப் பெட்டிகளாகக் குழைந்துபோயின. கடைசியில் பிரதிபலிப்பை அணைத்தபோதுதான் நெஞ்சு வலித்தது. லாரியின் முகப்பு மினுமினுப்பு இழந்து, முதல் பூச்சு மட்டும் அடித்த வண்டிபோல வெளுத்துக் கிடந்தது. எங்கள் லைனில் வந்தால் இதற்கு முழுசாக வட்டம் போட்டிருப்பேனே என்று நினைத்துப் பிரதிபலிப்பை மறுபடி போட்டான். அதற்கு ஈடாக மேகங்களை எடுத்தான்.

இப்படியே மாதங்கள் ஓடின. ஒன்றை மாற்றுவது, விளையாட்டை மூடுவது, திறப்பது, லாரி ஷெட்டில் நின்றபடியே மூலையில் உள்ள எண்ணைப் பார்ப்பது, மறுபடி மூடுவது. லாரி கேட்டைத் தாண்டியதே இல்லை. பெட்டி சூடாகிறதோ என்ற சந்தேகத்தில் அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனையும் அதற்கு முன்னால் வைத்தான்.

"ஃபேன் அதுக்கு, விசிறி எனக்காக்கும்?" என்றாள் கனகலட்சுமி. "லாரி எப்பதான் கெளம்பும்?"

"இன்னும் நிழல் சரியாவலட்டி."

"வெயில்லயே நின்னு டயர் உருகிரப் போவுது, பாத்துக்கிடுங்க."

லாரி நகராவிட்டாலும் புகழ் நகர்ந்தது. அவனோடு கூண்டில் நிற்கும் சேரப்பணஞ்சேரி ரகு, தன் லேப்டாப்பிலும் அதே விளையாட்டை வைத்திருந்தான். கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி மகாராஜா அவனுக்கு நிழலின் தூரம், இலைகளின் அடர்த்தி, தண்ணீரின் தரம் என்று விளக்குவான். பக்கத்து மேசைக்காரர்களும் தட்டோடு நகர்ந்து வருவார்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதவன் ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுப்பதை நினைத்து அவனுக்கே சில சமயம் சிரிப்பு வரும். ஆனால் கூட்டம் கலையும்வரை அடக்கிக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஓவர்டைம், கனகலட்சுமிக்கு விடுமுறை; அவள் வீட்டைச் சுத்தம் செய்யும் நாள். கிளம்பும் அவசரத்தில் லாரியின் பக்கக் கண்ணாடிகளை அணைத்துவிட்டுப் போயிருந்தான். திரும்பி வந்து விளையாட்டைத் திறந்தவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். மூலையில் இருந்த எண் மும்மடங்காகியிருந்தது. நிழலைக் கூட்டினான்; எண் அசையவில்லை. மரம், மேகம், மனிதர்கள் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டான். வந்தார்கள், அப்போதும் லாரி விக்கவில்லை.

"கண்ணாடிதான்! எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கண்ணாடிதான்!" என்று கத்தினான்.

கனகலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்தக் கண்ணாடி ஒடஞ்சிட்டு?" என்றாள்.

மறுநாள் கேன்டீனில் அது சித்தாந்தமானது. முன்னால் ஒரு சாலை வரைந்தாலே கார்டுக்கு மூச்சு வாங்குகிறது. பக்கக் கண்ணாடிகளுக்குப் பின்சாலையையும் வரைய வேண்டுமானால் அது என்ன செய்யும், பாவம்? கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

"கண்ணாடிய அணச்சிட்டா பின்னாடி வர்றவன் எப்டிபா தெரிவான்?" என்றான் ரகு.

"விளையாட்டுல பின்னாடி எவன் வாரான்? முன்னாடி பாத்துப் போ."

அதை வீடியோவாகவும் எடுத்து, பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கட்டைவிரல்கள் குவிந்தன. அந்த வாரம் முழுவதும் அவன் லாரியை ஓட்டவேயில்லை. வீடியோவுக்கு வந்த பதில்களைப் படிக்கவே நேரம் சரியாக இருந்தது.

அடுத்த விடுமுறைக்குக் கனகலட்சுமி மறுபடி வீட்டைச் சுத்தம் செய்தாள். மறுபடி லாரிக்கு விக்கல் வந்தது. கண்ணாடி அணைத்தபடியேதான் இருந்தது. மகாராஜா மறுபடி செட்டிங்ஸுக்குள் போனான். நிழலை எடுத்தான், மேகத்தை எடுத்தான், பிரதிபலிப்பைக்கூடப் பலிகொடுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. வெட்கத்தை விட்டு அன்புவை வீட்டுக்கே கூப்பிட்டான்.

பைக்கில் வந்து இறங்கிய அன்பு திரையைப் பார்க்கவே இல்லை. நேராகப் பெட்டியின் பின்பக்கம் குனிந்தான். குனிந்தவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"இன்னாபா மகா, ஸ்கிரீன் ஒயர இந்த ஓட்டைல சொருவி வெச்சிக்கினு கீற? இது பெட்டியோட சொந்த ஓட்டை. கார்டோட ஓட்டை கீழ கீது பாரு. நீ இத்தினி நாளா கார்டே இல்லாமதான் ஓட்டிக்கினு இருந்துகிற. அது பாட்டுக்கு பஞ்ச் அடிச்சிட்டு உள்ள குந்திக்கினு கீது."

"நடுவுல ஒரு வாரம் நல்லா ஓடிச்சே?"

கனகலட்சுமி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "பெருக்கும்போது ஒயரக் கழத்தி மாட்டுனேன். ரெண்டு ஓட்டையும் ஒண்ணுபோல இருந்துச்சி. எதுல போட்டாலும் படம் வருது, பொறவு என்ன?"

"போன தடவையும் நீதான் மாட்டுனியா?"

"பின்ன, கண்ணாடியா மாட்டுச்சி?"

அன்பு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மகாராஜா குனிந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். தூசி எங்கே ஒட்டியிருக்கிறது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். முன்பக்கத்தில் நிழல், மேகம், இலை என்று எண்ணிக்கொண்டிருந்தவன், ஒரு முறையாவது பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். அப்புறம் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்காமல் இருமலானது. கனகலட்சுமி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உண்மையை ரகுவிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துப் போனான். ரகு கேட்டால்தானே?

"இன்னாபா, டெக்னிக்க மறைக்கிறியா? கண்ணாடிய அணச்சதுலேர்ந்து என் லேப்டாப் சும்மா பறக்குது."

"இல்ல ரகு, என் ஒயர்தான் தப்பு..."

"உன் ஒயரு தப்பு. ஆனா டெக்னிக்கு கரீட்டு."

அந்தப் பிரிவில் பாதிப் பேர் பின்னால் பார்க்காமலேயே லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது மகாராஜாவின் கைங்கரியம்.

இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்த ஒரு பகலில், கனகலட்சுமி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒயர் சரியான இடத்தில். எல்லாம் உச்சத்தில். குறைப்பதற்கும் கூட்டுவதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. லாரியை ஓட்டித்தான் ஆக வேண்டும். கேட்டைத் தாண்டினான். முதல் திருப்பத்தில் கம்பத்தில் இடித்தான். இரண்டாவதில் சரக்கோடு பள்ளத்தில் இறங்கினான்.

"ஸ்டியரிங் கொஞ்சம் லேசா இருக்கு. செட்டிங்ஸ்ல போயி..." என்று மவுஸை நோக்கிக் கையை நீட்டினான்.

அவள் மவுஸைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஓட்டினான். விளையாட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சாலையில் வானம் தலைகீழாகக் கிடந்தது, ஒரு நெளிவில்லாமல், ஒரு பழுதில்லாமல். அதை ரசித்துக்கொண்டே போய்ச் சாலையோரத் தடுப்பில் நீளமாக உரசினான். கதவில் பெயின்ட் போனது. கனகலட்சுமி திரையில் அந்த இடத்தில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். ஒரு வழியாகக் கிடங்கு வந்து சேர்ந்தபோது சரக்கில் பாதிக்குமேல் சேதம் என்று திரை சொன்னது.

"போய்ச் சேந்துட்டோம்லா" என்றான் மகாராஜா, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"சேந்துட்டோம். நவுருங்க, அடுத்த லோடு நான் எடுக்கேன்" என்றாள் அவள்.