அம்மாவின் வயிற்றில் இட்ட மை அடையாளம்

மதுரையில் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில், அறுவை மருத்துவர் என் மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நோய் என் அம்மாவுக்கு. அம்மா பத்தடி தள்ளி, மடியில் டிபன் வாளியை வைத்துக்கொண்டு பெஞ்சில் அமர்ந்திருந்தார். நான் அவர்களுக்கும் அம்மாவுக்கும் நடுவே, அம்மாவின் பார்வையை மறைத்தபடி நின்றேன். நான் நின்றது தவறான இடம். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் பெரிய அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருந்தால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா போடியிலிருந்து தினமும் விடியுமுன் ஜீப்பில் மலையேறி, ஏலத் தோட்டத்தில் காய் எடுப்பவர். அந்த ஜீப்பை ஓட்டுபவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. மலம் கழிக்கையில் இரத்தம் போவதை அம்மா ஏறக்குறைய ஓர் ஆண்டு மூலநோய் என்று எண்ணிக்கொண்டிருந்தார். “குத்தவச்சே சோலி பாக்குறவளுக்கு மூலம் வராம வேற என்ன வரும்?” என்று ஜீப்பில் வந்த பெண்கள் சிரித்தார்களாம். கடையில் மாத்திரை வாங்கினார், கருணைக்கிழங்கு சாப்பிட்டார். அவர் வேலை பார்த்த எந்தத் தோட்டத்திலும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலையில் ஏறினால் மாலையில் இறங்கும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். தன் உடலிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று நின்று பார்க்கக்கூட ஒரு தொழிலாளிக்கு இடம் தராதவர்கள், அவர் தாமதமாக வந்தார் என்று குறை சொல்லும் உரிமையை எங்கிருந்து பெற்றார்கள்?

கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே சிறு கேமராவைச் செலுத்திக் குடலைப் பார்ப்பது) செய்தார்கள். பயாப்சி (சிறு துணுக்குச் சதையை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்தது. மலக்குடலின் கடைசிப் பகுதியில் புற்று. முதலில் கதிர்வீச்சும் மாத்திரையும், பிறகு அறுவை. மலக்குடலையும் ஆசனவாயையும் முழுதாக அகற்றி, குடலின் முனையை வயிற்றுச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். அந்தத் திறப்புக்கு ஸ்டோமா (குடலின் புதுவாய்) என்று பெயர். அதன்மேல் ஒரு பை. ஆயுள் முழுவதும்.

“இதச் சொன்னா தங்கச்சி அன்னைக்கே உசுர விட்டுரும்,” என்றார் மாமா. “புண்ணுன்னே இருக்கட்டும். பையி கிய்யி எல்லாம் ஆப்பரேசன் முடிஞ்சு பாத்துக்கிரலாம். நீதேன் நல்லாப் பேசுவியே தாயி, பதமா எதையாச்சும் சொல்லி வையி.”

ஆம், நான் நன்றாகப் பேசுவேன். பள்ளி முதல் கல்லூரி வரை பட்டிமன்ற மேடைகளில் வளர்ந்தவள். எந்த அணியில் அமர்த்தினாலும் அந்த அணிக்காக வாதாடுவேன். அந்தப் பெருமையோடுதான் மாமாவின் பொய்க்கு முன்னுரையும் மூன்று வாதங்களும் முடிவுரையும் கொடுத்தேன். குடலில் ஆறாத புண். ஆறுவதற்காகக் கரண்டு (கதிர்வீச்சுக்கு ஊர் வழக்கு) வைக்கிறார்கள். மிச்சத்தை வெட்டி எடுத்தால் சரியாகிவிடும். அம்மா நம்பினார். கதிர்வீச்சுக்குக் காத்திருந்த வரிசையில் விசாரித்தபோது, பாதிப் பேருக்கு வெறும் புண்தான் இருந்தது. அவர்களுக்கும் என்னைப்போல் ஒரு பேச்சாளர் வாய்த்திருக்க வேண்டும்.

அறுவைக்கு நான்கு நாள் முன்பு ஸ்டோமா செவிலியர் அம்மாவை அழைத்தார். புதுவாய் எங்கே அமைய வேண்டும் என்று முன்கூட்டியே வயிற்றில் மையால் அடையாளம் இடுவது வழக்கம். நான் முந்திக்கொண்டு அறைக்குள் சென்று, அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது என்றேன்.

“அவங்களுக்குத் தெரியாம நான் எப்படிம்மா இடம் பாக்குறது?”

மேடையில் வெல்வதுபோல் அவரை வென்றேன். அம்மாவைப் படுக்கவைத்து, ஊதா மையில் ஒரு வட்டம் போட்டார். அழியாமல் பார்த்துக்கொள்ளும்படி வெளியே என்னிடம் சொன்னார். அம்மா என்ன மை என்று கேட்டபோது, “ஊசி போட்ட எடம்மா, முடிஞ்சிருச்சு,” என்றேன்.

ஏலக்காயின் கறை விரலிலும் நகக்கண்ணிலும் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். நல்ல காரியத்துக்குப் போகுமுன் காயெடுக்கும் பெண்கள் அதை எடுக்க ஒரு பகல் செலவழிப்பார்கள். தேங்காயெண்ணெய் பூசி ஊறவைத்து, பீர்க்கங்கூட்டால் தேய்த்து, சோப்புப் போட்டு, மீண்டும் எண்ணெய். மருத்துவமனையில் சேர்வதற்கு முதல்நாள் அம்மா அதைத்தான் செய்தார். பெரிய டாக்டர் முன்னால் அழுக்கோடு படுக்கக் கூடாதல்லவா? ஊசி முடிந்த இடத்தில் மை எதற்கு என்று, நான் பார்க்காதபோது அதையும் தேய்த்தார்.

மறுநாள் வார்டில் செவிலியர் அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “யாரும்மா அழிச்சது?”

“நாந்தேன்,” என்றார் அம்மா, சற்றுப் பெருமையாகவே. “ஏலக் கறையே போயிரும், இந்த மை எம்மாத்திரம்?”

மாமா குறுக்கே வந்தார். “வேற ஒண்ணு போட்டுருங்கம்மா. அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரியாதுன்னு நீங்க சொல்றீங்க. ஏன் தெரியாதுன்னு நான் கேக்குறேன். இவங்ககிட்ட விசயத்தச் சொல்லாம நான் பேனாவத் தொட மாட்டேன்.”

மறுநாள் காலை அறுவை. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

என்னிடம் அப்போது முன்னுரை இல்லை. “அம்மா, ஒனக்கு வந்தது புண்ணு இல்ல. கேன்சரு. பின்னாடி வழிய மூடிருவாங்க. இனிமே வயித்துல ஒரு பை இருக்கும். எப்பவும்.”

அம்மா வயிற்றில் மை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, “ஜீப்புல ஒருத்தி கேட்டா, கேன்சராடின்னு,” என்றார். “எம்மக எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டா, வாயக் கழுவுன்னு அவகூடச் சண்ட போட்டேன். ஒரு மாசமா அவகிட்டப் பேசல.”

நான் வாங்கிய கோப்பைகள் எவற்றாலும் அந்த ஒரு மாதத்தை ஈடுகட்ட முடியாது.

“அழுவாத தாயி,” என்று மாமா அருகில் வந்தார்.

“நான் எங்கண்ணே அழுவுறேன்? நீதேன் அழுவுற. கொஞ்சம் வெளிய போ. பொம்பளைக வயித்தப் பாக்கணும்.”

பாவாடையை எங்கே கட்டுவீர்கள், எப்படி உட்காருவீர்கள் என்று செவிலியர் கேட்டார். அம்மா வார்டுத் தரையில் குந்தினார். ஏலச்செடியில் காய் தரையை ஒட்டிய சரத்தில்தான் பிடிக்கும். இடக்கையால் இல்லாத இலையை ஒதுக்கி, வலக்கையால் இல்லாத காயைக் கிள்ளி, இடுப்பில் இல்லாத பைக்குள் போட்டுக் காட்டினார். அந்தப் பையின் கயிறு எங்கே இறுகும் என்று விரலால் கோடு இழுத்தார். முதல் அடையாளம் சரியாக அந்தக் கோட்டின்மேல் இருந்ததாம். அந்த இடத்திலேயே புதுவாய் அமைந்திருந்தால், கயிறு ஒவ்வொரு நாளும் அதை அறுத்திருக்கும்.

“நல்லவேளை அழிச்சீங்க,” என்ற செவிலியர், கோட்டுக்கு மேலே புது வட்டம் இட்டார். நிற்கவைத்தும் உட்காரவைத்தும் குனியவைத்தும் சரிபார்த்தார். ஸ்டோமாப் பை ஒன்றில் தண்ணீர் ஊற்றி அங்கே ஒட்டி, நடக்கச் சொன்னார்.

“மூக்குக் குத்துறப்பக்கூட எனக்கு இம்புட்டு எடம் பாக்கல,” என்றார் அம்மா.

அதன்பின் கேள்விகள் கேட்டார். மலைக்குப் போகலாமா? ஜீப்பில் வாடை அடிக்குமா? பை நிறைந்தால் தோட்டத்தில் எங்கே போய் மாற்றுவது? முதல் இரண்டுக்கும் செவிலியரிடம் பதில் இருந்தது: சில மாதங்கள் கனம் தூக்கக் கூடாது, பிறகு போகலாம், சரியாக ஒட்டினால் வாடை வராது. மூன்றாவதற்கு அவரிடமும் பதில் இல்லை. இத்தனை வாரமாக அம்மாவுக்காகப் பேசிய நான், இவற்றில் ஒன்றைக்கூட மருத்துவரிடம் கேட்டிருக்கவில்லை. ஒப்புதல் தாளில் மாமாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அம்மா அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதற்கு மேலே தன் பெயரை எழுதினார்.

ஆகவே சொல்கிறேன். பெரிய அறுவைக்கு முன் மூச்சுப் பயிற்சிக் கருவியில் பந்துகளை மேலே இழுத்துப் பழகுவதும், தினமும் நடப்பதும், இறுக்கமில்லாத உடைகள் எடுத்துவைப்பதும் தேவையானவை. ஆனால் நோயாளிக்குத் தெரியாமல் நடக்கும் எந்த ஆயத்தமும் ஆயத்தமல்ல. அவரால் தாங்க முடியாது என்கிறோம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க நம்மால்தான் தாங்க முடிவதில்லை. நம் கோழைத்தனத்துக்குப் பாசம் என்று பெயர் சூட்டி, ஒருவரின் உடலைப் பற்றி அவருக்கு எட்டாத தொலைவில் நின்று முடிவெடுக்கிறோம். மருத்துவர்களும் யார் உரக்கப் பேசுகிறாரோ அவரிடமே பேசுகிறார்கள்.

அறுவை முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பின்புறக் காயம் ஆற இரண்டரை மாதம் பிடித்தது. அதுவரை அம்மாவால் ஒருக்களித்துத்தான் அமர முடிந்தது. கனமில்லாத வேலைக்கு இப்போது வாரம் மூன்று நாள் மலைக்குப் போகிறார். மேஸ்திரியிடம் அவரே பேசி, ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் தார்ப்பாயால் ஒரு மறைவு கட்டவைத்தார். இப்போது எல்லாப் பெண்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு நோயாளி கேட்டுத்தான் அது கிடைத்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபமே அதிகம்.

எங்கள் வீட்டில் நேரம் மாறிவிட்டது. முன்பு நான் எதையும் நிமிடக் கணக்கில் வகுப்பேன். இப்போது காலைப் பொழுது அம்மாவின் குடல் நடத்துகிறபடி நடக்கிறது. சில நாள் சீக்கிரம் முடியும். சில நாள் முடியாது. தொடக்கத்தில் பையை மாற்றும்போது நான் பக்கத்தில் நின்று யோசனை சொல்வேன். ஒருநாள், “தள்ளு. ஒனக்கு வேற சோலியே இல்லையா?” என்று அனுப்பிவிட்டார்.

போன வாரம் ஜீப் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா குளியலறையில் இருந்தார். மாமா என்னைப் பார்த்து, “இன்னும் எம்புட்டு நேரம் ஆகும் தாயி?” என்றார்.

“எனக்குத் தெரியாது மாமா. அம்மாவக் கேளுங்க.”

அவர் தயங்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்கையிடம் கேட்டார்.

“ஆகுற நேரம் ஆகும்ணே,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. “வண்டிய அமத்திப் போடு.”