கேட்காமல் வந்த பதினான்கு

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ராசிபுரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்தேன். கொட்டகையில் சூடு ஏறினால் மேற்குழாய்கள் தாமாகத் தண்ணீர் தூவும். அதற்கான லினக்ஸ் கணினியைக் கோவையில் வேலை பார்க்கும் மகள் வைத்துக் கொடுத்தாள். சித்திரை வெயிலில் தூவல் நின்றால் கோழிகள் செத்துவிடும். அந்தப் பயத்தில் தினமும் கணினியைத் துருவுவேன்.

மகள் நிறுவியதாகச் சொன்னது ஒரே நிரல். கணினியின் நிறுவல் பதிவைப் பார்த்தேன். அதை நிறுவிய அன்றே கூடப் பதினான்கு நிரல்கள் வந்திருந்தன. ஒன்று மின்னஞ்சல் அனுப்புவது. என் பண்ணையிலிருந்து யாருக்கு அஞ்சல்? திருடன் உள்ளே இருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

முட்டையிடாத கோழியை எங்கள் பக்கம் கழித்துவிடுவோம். கொண்டை வெளுத்திருந்தால் போதும், வேறு கேள்வி கிடையாது. அந்த அஞ்சல் நிரலையும் அப்படியே கழிக்கப் போனேன். இரண்டு நீக்கப்படும், சம்மதமா என்று திரை கேட்டது. இரண்டாவது அதன் கூட்டாளி என்று நினைத்தேன். எண்ணிக்கையைப் பார்த்தேன், பெயரைப் படிக்காமலே சம்மதம் கொடுத்தேன்.

உச்சி வெயிலில் கொட்டகையிலிருந்து மனைவி கத்தினாள்.

"ஏனுங்க! தண்ணி வரலீங்க! கோழியெல்லாம் வாயப் பொளக்குது!"

ஓடிப்போய் மோட்டாரைக் கையால் போட்டேன். மகளைப் போனில் அழைத்தேன்.

"அப்பா, எதையாச்சும் எடுத்தீங்களா?"

சொன்னேன். ஒரு நிரல் ஏன் வந்தது என்று கணினியையே கேட்கும் கட்டளையைச் சொல்லித் தந்தாள். கேட்டேன். பதில் ஒரே வரி: தண்ணீர் தூவும் நிரலுக்கு அஞ்சல் நிரல் வேண்டும். அதனால்தான் அது போனதும் தூவலும் போயிற்று.

"சூடு எல்லை மீறுனா எனக்குத் தகவல் அனுப்பத்தானுங்கப்பா அது. திருடனெல்லாம் இல்லீங்க."

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கோழியக் கழிக்கறாப்பல பொட்டியையும் கழிச்சீங்களாக்கும்!"

மகள் சொல்லச் சொல்ல இரண்டையும் மீண்டும் நிறுவினேன். குழாய்கள் மறுபடி தாமாகச் சீறின. நான் மோட்டாரைப் போடுவதற்குள்ளேயே ஏழு கோழிகள் செத்திருந்தன.

மீதிப் பதிமூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பன்னிரண்டுக்குக் காரணம் வந்தது. ஒன்று மட்டும் இப்போது எதற்கும் தேவையில்லை என்றது கணினி.

அதைத் தொடத் துணிச்சல் வரவில்லை. நாற்காலியை மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.