நாற்பத்து மூன்று நகல்கள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘நிதானம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தால் மற்றவர்கள் முதல் வரியிலேயே பதறிப்போவார்கள். அவள் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் விசைப்பலகையில் கை வைப்பாள். அச்சகத்தில் பதினொரு வருஷம் தட்டச்சு செய்தவள். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் நிரல் எழுதப் பழகினாள். கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. கடவுள் கொடுத்த பொறுமையும், ரஸ்ட் என்கிற கணினிமொழி கொடுத்த திட்டும்தான் துணை. அந்த மொழி, கொஞ்சம் கோணலாக எழுதினாலும் நிரலை ஓடவே விடாது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனைக்கூடத்துக்கு அவள் ஒரு பார்சர் எழுதிக் கொடுத்திருந்தாள். பரிசோதனை இயந்திரம் துப்புகிற நீளமான எழுத்தை, இது ஆளின் பெயர், இது சர்க்கரை அளவு என்று பிரித்துப் படிக்கிற வேலை அதற்கு. அங்கே அது ஓடுவது உள்ளங்கை அகலக் கணினிப் பெட்டி ஒன்றில். போன வாரம் பெரிய இயந்திரம் வாங்கினார்கள். எழுத்து பத்து மடங்கு வந்தது. பெட்டி பாதியில் மூச்சு முட்டி நின்றுபோனது.

காலையிலேயே மேலாளர் வந்து நின்றார்.

“லேப்ல இருந்து மூணு போன். ஜனங்க பெஞ்சுல காத்துக்கிட்டு இருக்காங்களாம். நாலு மணிக்குள்ள ஓடலைன்னா வேற கம்பெனிக்குப் போயிடுவோம்னு சொல்லிட்டாங்க. யார் எழுதுனது இது?”

“நான்தான் சார். நானே சரி பண்ணிடறேன்.”

சொல்லும்போது அவள் குரல் தாழவில்லை. கண்ணை மூடி ஒரு நிமிஷம் பிரார்த்தித்துவிட்டு நிரலைத் திறந்தாள். நகல் எடு, நகல் எடு என்று நாற்பத்து மூன்று இடத்தில் இருந்தது. எல்லாம் அவள் கைவேலைதான். ரஸ்டில் நிரலின் ஒரு பகுதியிடம் எழுத்தைக் கொடுத்தால் அது அதற்கே சொந்தமாகிவிடும். கொடுத்த பகுதி மறுபடி தொட்டால் ரஸ்ட் சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து, கொடுக்கும்போதெல்லாம் ஒரு நகல் எடுத்துக் கொடுத்திருந்தாள். நகல் மேல் நகலாகக் குவிந்துதான் பெட்டி திணறியது.

சொந்தமாக்கிக்கொள்ளாமல் இரவல் வாங்கினால் போதும். எழுத்து ஒரே இடத்தில் இருக்கட்டும். இங்கிருந்து இதுவரை என்று விரல் காட்டினால் படிக்க முடியாதா என்ன? ஒவ்வொரு நகலாக அழித்து இரவலாக்கினாள். மதியம் ஒரு மணிக்கு ரஸ்ட் பொரிந்து தள்ளியது: இரவல் கொடுத்த எழுத்து அவ்வளவு நேரம் உயிரோடு இருக்காதாம்.

பக்கத்து மேசைத் தம்பி எட்டிப் பார்த்தான். “அக்கா, பேசாம பழையபடி நகல் போட்டுடுங்க. வாயை மூடிக்கும்.”

“அது வாயை மூடப் போட்டதுதான்டா இப்ப என் கழுத்தைப் பிடிக்குது. நீ போய்ச் சாப்பிடு.”

கடைசி வரி வரை படித்தாள். பிடிபட்டது. எழுத்தை வாசித்து வைத்திருந்ததே பார்சருக்குள்தான். பார்சர் வேலை முடிந்து வெளியே போகும்போது எழுத்தும் அழிந்துபோகும். அப்புறம் விரல் எதைக் காட்டும்? வாசிக்கிற வேலையைப் பார்சரிடமிருந்து பிடுங்கி வெளியே வைத்தாள். வெளியில் இருக்கும் நிரல்பகுதி எழுத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்ளும். பார்சர் பார்த்துவிட்டுப் போகும்.

சிவப்பு மறைந்தது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. மருத்துவர் குறிப்பில் ஒரு மேற்கோள்குறி வரவேண்டிய இடத்தில் இயந்திரம் அதையே இரண்டு முறை போடும். அதில் ஒன்றை எடுத்துவிட்டு எழுத வேண்டும். அப்படிப்பட்ட குறிப்புக்கு மட்டும் நகல் எடுத்தாள்.

சாப்பிட்டு வந்த தம்பி மறுபடி எட்டிப் பார்த்தான். “ஆகா, தோத்துட்டீங்களே அக்கா!”

“மாத்தி எழுதணும்னா சொந்தமா வச்சுக்கத்தான் வேணும். சும்மா பார்க்கறதுக்கு எதுக்குடா சொந்தம்?”

பழைய நிரல் கொடுத்த விடைகளோடு ஒத்துப் பார்த்தாள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. மூன்றேகாலுக்குப் புது நிரலை அனுப்பிவிட்டுப் பரிசோதனைக்கூடத்துப் பொறுப்பாளரை அழைத்தாள். அந்த அம்மாள் எரிச்சலில் இருந்தார்.

“ஏம்மா, மறுபடி பாதியில நின்னா நான் என்ன பதில் சொல்றது?”

“நிக்காதுங்கம்மா. காலையில நின்ன அதே கோப்பைப் போடுங்க. நான் போன்லயே இருக்கேன்.”

பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது. நாலு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

“என்னம்மா இது, முடிஞ்சிடுச்சுங்குது? நிஜமாவா?” அந்த அம்மாள் அச்சாகி வந்த தாள்களைப் புரட்டினார். “எல்லாம் வந்திருக்கே!”

பிறகு தொலைபேசியைத் துண்டிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “முதல்ல வந்தவங்க யாரு? எழுந்து வாங்க!”